நல்லா இருக்கேன்னு அவர் சொல்றார், வீட்டுல கேட்டீங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போதைப்பொருள் பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரையையும், அதுக்கு பதிலா ஒரு வாசகர் எழுதின கடிதத்தையும் படிச்சேன். கோக்கெய்ன், ஹெராயின் எதையாவது ஒரு தடவை தொட்டாலே வாழ்க்கை முடிஞ்சுதுன்னு கட்டுரை சொல்லுது. கடிதம் எழுதினவரோ அளவோட எடுத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது, வேலை குடும்பம் சந்தோஷம் எல்லாத்தோடயும் சேர்ந்தே போகும்னு சொல்றார். ரெண்டையும் என்னால ஏத்துக்க முடியல, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், இடம் இருந்தா போடுங்க.

முதல்ல கட்டுரைக்கு வர்றேன். தொட்ட எல்லாரும் அடிமையாகறது இல்ல, இது உண்மை. அமெரிக்காவுல எடுத்த ஒரு பெரிய சர்வேயை வச்சு ஆந்தணி, வார்னர், கெஸ்லர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 1994ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. கோக்கெய்ன் எடுத்துப் பார்த்தவங்கள்ல சுமார் 17 சதவீதம் பேரும் ஹெராயின் எடுத்தவங்கள்ல சுமார் 23 சதவீதம் பேரும் எப்பவாவது ஒரு கட்டத்துல அடிமையாகியிருக்காங்க. அதே கணக்குல சிகரெட்டுக்கு 32, மதுவுக்கு 15. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க சிப்பாய்கள் விஷயமும் அப்படித்தான். அங்க இருந்தப்ப அஞ்சுல ஒருத்தர் ஹெராயினுக்கு அடிமையா இருந்திருக்காங்க, ஆனா லீ ராபின்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் அவங்க ஊர் திரும்பினதுக்கு அப்புறம் தேடிப் போய் விசாரிச்சப்போ, அப்படி அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல திரும்பவும் அடிமையானவங்க 5 சதவீதம் பேர்தான். சூழ்நிலை மாறினா பெரும்பாலானவங்க அதை விட்டுட்டு வந்துடறாங்க.

இதை மறைச்சு "தொட்டா செத்த"ன்னு எழுதினா என்ன ஆகும்னா, காலேஜ் பையன் ஒருத்தன் தன் பிரெண்ட் மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டு பரீட்சையிலயும் நல்ல மார்க் வாங்கறதை கண்ணால பார்க்கறான், அப்புறம் பெரியவங்க சொல்ற வேற எதையும் நம்ப மாட்டான், உண்மையிலேயே உயிர் போற விஷயத்தை சொன்னாலும் காதுல வாங்க மாட்டான்.

இப்போ கடிதம் எழுதினவருக்கு. அமெரிக்காவுல இருக்கற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஹார்ட்டை அவர் உதாரணம் காட்டியிருந்தார். ஹார்ட் 2021ல தான் ஹெராயின் எடுத்துக்கறதை வெளிப்படையாவே எழுதினவர், அவர் சொல்றதை நான் சந்தேகப்படல. ஆனா அவர் வாழ்நாள் முழுக்க இந்த மருந்துகளையே ஆராய்ச்சி பண்ணினவர், எடுக்கறதுக்கு முன்னாடி அதுல என்ன கலந்திருக்குன்னு டெஸ்ட் பண்ணிக்கற வசதி எல்லாருக்கும் வேணும்னு சொல்றவர், நிலையான வேலையும் சம்பளமும் உள்ளவர். அந்த வாழ்க்கையைத் தாங்கிப் பிடிக்கறது இதெல்லாம்தான், ஹெராயின் இல்ல. இதுல எதுவுமே இல்லாத 22 வயசுப் பையனுக்கு அவரைக் காட்டி "பாரு, முடியும்"னு சொல்றது நியாயமே இல்லைங்க.

இன்னொரு உதாரணமும் இந்த மாதிரி பேச்சுல எப்பவும் வரும், வில்லியம் ஹால்ஸ்டெட். அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியோட முதல் தலைமை சர்ஜன், ஆபரேஷன் தியேட்டர்ல ரப்பர் கிளவுஸ் போடற வழக்கத்தைக் கொண்டுவந்தவர், சர்ஜன்களை வருஷக்கணக்கா பயிற்சி குடுத்து உருவாக்கற முறைக்கே அடித்தளம் போட்டவர். 1884 வாக்குல கோக்கெய்னை மரத்துப்போற ஊசியா பயன்படுத்த முடியுமான்னு தன் உடம்புலயே போட்டுப் பார்த்து அதுக்கு அடிமையானார், அப்புறம் ஹெராயின் வகையைச் சேர்ந்த வலி மருந்தான மார்ஃபினுக்கு மாறினார், 1922ல சாகற வரைக்கும் அதை முழுசா விடலன்னுதான் வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. ஆமா, பெரிய சாதனை வாழ்க்கைதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா கிட்டப் போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி கலகலப்பா நாலு பேரோட பழகிட்டு இருந்த மனுஷன் அப்புறம் ஆளே மாறி ஒதுங்கிட்டார், வருஷத்துல மாசக்கணக்கா காணாமப் போவார், அவர் வேலையை அவர்கிட்ட பயிற்சி எடுத்த டாக்டர்கள் பார்த்துப்பாங்க. கூட வேலை பார்த்த வில்லியம் ஆஸ்லர் இந்த ரகசியத்தை எழுதி பூட்டி வச்சார், அது வெளிய வந்தது 1969ல. ஹால்ஸ்டெட்டுக்குக் கிடைச்சது மருந்துத் தரத்துல சுத்தமான மார்ஃபின்ங்கறதையும் மறக்கக்கூடாது. அவரோட சேர்ந்து கோக்கெய்ன் போட்டுப் பார்த்த சக டாக்டர்கள்ல சிலர் அதுலயே அழிஞ்சு போனாங்க, அவங்க பேரை யாரும் உதாரணம் காட்டறதில்ல. தப்பிச்சவரை மட்டும் எண்ணினா எந்த ஆபத்தும் சின்னதாத்தான் தெரியும்.

"அளவோட, இடைவெளி விட்டு"ன்னு அந்த வாசகர் எழுதியிருந்தது எனக்கு ரொம்பவே கவலையா இருந்துச்சு. ஏன்னா இன்னிக்கு வெளிய கிடைக்கற பவுடர்லயும் மாத்திரையிலயும் என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. அதுல கலக்கற ஃபென்டனில்ங்கற செயற்கை வலி மருந்து ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியம், 2 மில்லிகிராமே ஒரு ஆளைக் கொன்னுடலாம், அது சில உப்புத்துகள் அளவுதான். தினமும் ஹெராயின் எடுக்கறவனோட உடம்பு கொஞ்சமாவது பழகியிருக்கும், இடைவெளி விட்டு எடுக்கறவனுக்கு அந்தப் பழக்கமும் இருக்காது, அதனால கலப்படம் வந்தா அளவோட இருக்கறவனும் போயிடலாம். அமெரிக்காவுல 2021, 2022, 2023 மூணு வருஷமும் ஓவர்டோஸ்ல செத்தவங்க வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல, அதுல எத்தனை பேர் தன்னை அடிமைன்னு நினைச்சிருப்பாங்க? கோக்கெய்னும் அப்படித்தான், எடுத்த முதல் ஒரு மணி நேரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு 24 மடங்கு ஏறுதுன்னு 1999ல வந்த ஆய்வு சொல்லுது, அதோட மதுவும் சேர்ந்தா ஈரல்ல கோக்காஎத்திலீன்னு இன்னொரு பொருள் உருவாகி இன்னும் அதிக நேரம் உடம்புல தங்கி இதயத்தைப் படுத்தும். பார்ட்டியில ரெண்டையும் சேர்த்துத்தானே எடுக்கறாங்க.

சரி, சாவை விடுங்க. நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. நல்ல வாழ்க்கை வாழறேனா இல்லையான்னு எடுக்கறவர் மட்டும் சொல்ல முடியாதுங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் வீக்கெண்ட்ல மட்டும் கோக்கெய்ன் எடுத்துட்டு இருந்தார். நல்ல மனுஷன், வேலைக்கு லீவு போட்டதில்ல, கடன் கிடையாது, யாரையும் அடிச்சதில்ல. "என்னடா எனக்கு என்ன குறை, நல்லாத்தானே இருக்கேன்"னு என்கிட்ட சொல்வார், அது பொய்னு நான் நினைக்கல, அவருக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா திங்கக்கிழமை முழுக்க பேச்சு இருக்காது, செவ்வாக்கிழமை தட்டு கீழ விழுந்தாலும் கத்துவார். அக்கா பணம் காசு பத்தி, மாமியார் பத்தி எதுவா இருந்தாலும் புதன்கிழமை வரைக்கும் வாயைத் திறக்க மாட்டா. அவங்க பொண்ணு ஸ்கூல்ல அப்பா கையெழுத்து கேட்டுக் குடுத்த பேப்பரை பைக்குள்ளயே வச்சிருந்து வியாழக்கிழமைதான் எடுத்து நீட்டும், யாரும் சொல்லிக் குடுக்கல அந்தக் குழந்தைக்கு. "மாமா, பாப்பா ஏன் இன்னிக்கு உங்ககிட்ட காட்டல தெரியுமா"ன்னு நான் கேட்டப்போ அவர் முகத்துல நிஜமாவே ஒண்ணும் புரியல. வாரத்துல பாதி நாள் ஒரு வீடே மூச்சைப் பிடிச்சுட்டு இருந்திருக்கு, அதுக்குள்ளயே உக்காந்துட்டு அவர் நல்லா இருந்திருக்கார்.

ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறல்னு போன் வந்தா எழுந்து வண்டி எடுக்கற நிலைமையில இருக்கணும், அதுவும் நல்ல வாழ்க்கையில சேர்த்திதான். முதல்ல சொன்னேனே, கோக்கெய்ன் எடுத்து அடிமையாகற அந்த 17 சதவீதத்துல நான் இருக்கேனா இல்லையான்னு முன்கூட்டியே சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது, எடுத்துப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும், தெரியறப்போ பந்தயத்துல வச்சது தன்னோடது மட்டும் இல்ல, பெத்தவங்க, புருஷன் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாரோடதும்.

இதைச் சொல்றதால எடுக்கறவங்களைப் பிடிச்சு ஜெயில்ல போடுங்கன்னு கேக்கறேன்னு நினைக்காதீங்க. போர்ச்சுகல் 2001லயே சொந்த உபயோகத்துக்கு கொஞ்சமா வச்சிருக்கறதை கிரிமினல் குற்றத்துலேர்ந்து எடுத்துட்டு சிகிச்சைப் பக்கம் திருப்பினாங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது. பயந்து ஒளிஞ்சு எடுக்கறவன்தான் மூச்சு நின்னப்ப தனியா கிடக்கறான்.

அடுத்து இதைப் பத்தி எழுதறப்போ ரெண்டு விஷயம் பண்ணுங்க சார். ஹெராயின், ஃபென்டனில் ஓவர்டோஸ்ல மூச்சை மீட்க நலோக்ஸோன்னு ஒரு மருந்து இருக்குங்கறதையும், குடுத்தாலும் அதோட வேகம் சீக்கிரம் குறைஞ்சுடும், உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும்ங்கறதையும் பெரிசா போடுங்க. அப்புறம் "நான் எடுக்கறேன், நல்லா இருக்கேன்"னு பேட்டி குடுக்கறவர் கிடைச்சா, அதே பக்கத்துல அவரோட மனைவிகிட்டயோ அம்மாகிட்டயோ தனியா பேசி அதையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்