பார்க்காமலே மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மகளிர் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். பிறப்புறுப்பு அரிப்புக்குப் பூண்டை உள்ளே வைத்துப் பார்த்தேன் என்று சொன்னதும், போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பூண்டா? படிச்சவங்கதானே நீங்க? இதையெல்லாம் யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது: நீங்கள்தான்.

இந்த ஒரு வருடத்தில் அரிப்பும் வெள்ளைப்படுதலுமாக மூன்று முறை உங்களிடம் வந்தேன். மூன்று முறையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் முடிந்துவிட்டது. "ஈஸ்ட்தான்மா", அதாவது பூஞ்சைத் தொற்று, அதற்கு 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் மாத்திரை ஒன்று, ஒரு க்ரீம், அடுத்த ஆள். மூன்றாவது முறை நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது. நான்காவது முறை ஆரம்பித்தபோது, அதே சீட்டை வாங்க எதற்காக வரிசையில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. யாரோ சொன்ன வைத்தியத்தைக் கையில் எடுத்தேன்.

ஒரு பல் பூண்டை உரித்து, மெல்லிய துணியில் சுற்றி, நூல் கட்டி உள்ளே வைத்துக்கொண்டு படுத்தேன். நள்ளிரவு தாண்டியதும் மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்து விழிப்பு வந்தது. இழுத்தால் நூல் மட்டும் கையோடு வந்தது. குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, விரலை விட்டு அதை எடுப்பதற்குள் அரை மணி நேரம் ஆனது. கதவைத் தட்டி "என்ன ஆச்சு?" என்று கேட்ட கணவரிடம் வயிற்று வலி என்றேன். அடுத்த நாலு நாள் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தயிரும் வினிகர் கலந்த தண்ணீரும் அதற்கு முன்பே ஆகியிருந்தன, அவற்றை விடுங்கள்.

பூண்டின் சாறு ஆய்வகத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கும், உடலுக்குள் மெல்லிய சவ்வைப் புண்ணாக்கும். தயிரில் இருக்கும் பாக்டீரியாவும் பிறப்புறுப்பைக் காக்கும் லாக்டோபாசில்லஸ் வகைகளும் ஒன்றல்ல. உள்ளே ஊற்றிக் கழுவுவது அந்த நல்ல பாக்டீரியாவையே குலைத்துவிடும். இவ்வளவையும் நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சீட்டு எழுதிய கை ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த இரவே எனக்கு இருந்திருக்காது.

உங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போகிறேன்? அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தாலே ஈஸ்ட் என்று ஆகிவிடாது. பாக்டீரியா பெருக்கமாக இருக்கலாம், ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஈஸ்ட் என்றால் பிறப்புறுப்பின் அமிலநிலை (pH) பெரும்பாலும் மாறாமல் 4.5-க்குள்ளேயே இருக்கும், மற்ற இரண்டிலும் பொதுவாக அதைத் தாண்டிவிடும். அமிலநிலை காட்டும் ஒரு காகிதத் துண்டும் ஒரு பஞ்சுக்குச்சியும் ஒரு நுண்ணோக்கியும் போதும். ஈஸ்ட் மாத்திரை பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஈஸ்டிலேயே கிளாப்ரேட்டா போன்ற வகைகள் அந்த மாத்திரைக்கு எளிதில் மசியாது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ஈஸ்ட் என்று தாங்களே முடிவு செய்து மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் ஈஸ்ட் மட்டும் இருந்தது. நாங்கள் குத்துமதிப்பாக முடிவு செய்தால் அறியாமை, நீங்கள் செய்தால் அனுபவம், அப்படித்தானே?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: சோதித்துவிட்டு மருந்து எழுதுங்கள். ஈஸ்டே என்று உறுதியானாலும், வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் வருகிறவளுக்கு ஒற்றை மாத்திரை போதாது, வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் கொடுக்கும் முறை இருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். பாக்டீரியா என்றால் கணவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆணுக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தபோது திரும்ப வருவது 63-இலிருந்து 35 சதவீதமாகக் குறைந்ததை 2025-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அவர் காத்திருப்பறையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதாது.

அப்புறம் அந்த "சுத்தமா இருங்கம்மா". அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் ஏதோ அழுக்கில் புரண்டு வந்தவள் போல ஆகிவிடுகிறேன். சுத்தமாக இருக்கிறேன் என்றுதானே வாசனைக் கழுவிகளை வாங்கி, சோப்பைத் தேய்த்து, இருந்த பாதுகாப்பையும் கெடுத்துக்கொண்டோம்? பூ வாசம் வர வேண்டும் என்று விளம்பரங்கள் அந்தப் பக்கம், சுத்தமாக இரு என்று நீங்கள் இந்தப் பக்கம். காது வலி என்று வருகிறவரிடம் இப்படிச் சொல்வீர்களா? அவர் காதுக்குள் விளக்கடித்தாவது பார்ப்பீர்கள்.

மன்னியுங்கள், கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது. உங்கள் வாசலில் கூட்டம் நிற்பது எனக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் போன மாதமும் இதற்கே வந்தவர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் சிரித்தவரும் அதே மாத்திரையைத்தான் எழுதினார். அந்தச் சீட்டு இன்னும் கைப்பையில் இருக்கிறது, நான் மருந்து வாங்கவில்லை. அடுத்த வாரம் திரும்ப வருகிறேன். தயவுசெய்து பேனாவை எடுப்பதற்கு முன் பஞ்சுக்குச்சியை எடுங்கள்.

பணிவுடன்,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி