பெட்போர்ட்டில் பழகிய கால்

ஸ்காபரோ, கனடா,
10.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

போன கிழமை தொலைபேசியில், "முப்பது வருஷம் லொறி ஓடினாய், என்ன லொறி என்று ஒருநாளும் சொல்லவில்லையே" என்று கேட்டீர்கள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பிள்ளைகள் கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. லொறி தெரிந்த மனிதர் நீங்கள், உங்களுக்கு எழுதித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எனக்குக் கிடைத்தது ஒரு பழைய பிரெயிட்லைனர். பின்னால் 53 அடி ட்ரெயிலர். ஊரில் நாங்கள் ஓடிய பெட்போர்ட் லொறி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் விடலாம். மொத்தம் 18 சக்கரம். பாரத்தோடு அமெரிக்காவுக்குள் போகும்போது லொறியும் சாமானுமாக 80,000 இறாத்தல், அதாவது 36 தொன் வரை வரும்.

பெட்போர்ட்டில் நாலு கியர். இதில் 13. ஒரே தடிதான், ஆனால் தடியில் இரண்டு சுவிட்ச் இருக்கும். கீழ்ப்பக்கம் ஐந்து கியர் முடிந்ததும் ஒரு சுவிட்சைத் தூக்கிவிட்டு, திரும்பவும் அதே இடங்களில் போட வேண்டும். இந்தமுறை ஒவ்வொரு கியரையும் மற்றச் சுவிட்ச் இரண்டாகப் பிரிக்கும். உள்ளே பற்களைப் பொருத்திவிட எந்த ஏற்பாடும் கிடையாது. எஞ்சின் வேகமும் சக்கர வேகமும் சேராவிட்டால் கியர் விழாது, அரைக்கும்.

1993இல் பெரிய லொறி லைசென்சுக்குப் பழகப் போனபோது கூட வந்தவர்கள் எல்லோரும் அதில்தான் திணறினார்கள். நான் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, திரும்ப மிதித்துப் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. பழக்கியவர், "இதற்கு முன் எங்கே ஓடினாய்?" என்றார். கொடிகாமம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பல் தேய்ந்த பெட்போர்ட்டில் தேங்காய் மூட்டையோடு என்னை இருத்தி, "கையால் போடாதே, காதால் போடு" என்று நீங்கள் தலையில் குட்டிய குட்டு அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் நீண்ட ஓட்டம். ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் 4,400 கிலோமீற்றர். நீங்கள் ஊரிலிருந்து கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும் தூரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஒன்ராறியோ மாகாணத்தை விட்டு வெளியே வரவே இரண்டு நாள் ஆகும். வழியில் சுப்பீரியர் என்று ஒரு ஏரி. ஏரி என்றுதான் சொல்கிறார்கள், முழு இலங்கையையும் அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். பனிக்காலத்தில் சைபருக்குக் கீழே 35 பாகை குளிரில், மார்கழித் தேங்காய் எண்ணெய் போல டீசல் கட்டிவிடும். இரவு முழுக்க எஞ்சினை ஓடவிட்டு, இருக்கைக்குப் பின்னால் உள்ள கட்டிலில் படுப்பேன். அந்த அதிர்வு இல்லாமல் இப்போதும் எனக்கு நித்திரை சரியாக வருவதில்லை.

எனக்குப் பிடித்த லொறி எது என்று கேட்டால், கென்வேர்த் டபிள்யூ 900. நீட்டு மூக்கு, இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய், உள்ளே கற்றர்பில்லர் எஞ்சின். மலை இறக்கத்தில் அதன் எஞ்சின் பிறேக்கைப் போட்டால் வெடி வெடித்தது போல இருக்கும். எஞ்சின் காற்றை அமுக்கி முடிக்கும் நேரம் பார்த்து வால்வைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட்டுவிடும். அமுக்கிய பாடு முழுக்க வீண், அதனால் வண்டி மெதுவாகும். கால் பிறேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களின் சக்கரங்களில் புகை வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் சிறிய கியரில்தான் இறங்குவேன். அதுவும் நீங்கள் சொன்னதுதான்: ஏறின கியரிலேயே இறங்கு.

ஒரு விஷயம் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரோஜர்ஸ் பாஸ் என்று ஒரு கணவாய். ஒரு தை மாதம் அங்கே ரோட்டை மறித்து, லொறிகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஷெல் குத்தும் சத்தம். அண்ணா, எனக்கு அந்தச் சத்தம் மாறாது. கோப்பை கையிலிருந்து விழுந்தது. நான் ஸ்ரியறிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முன் லொறிக்காரர் வந்து கதவைத் தட்டி, "பனிக்குச் சுடுகிறார்கள்" என்றார். கனடா இராணுவம் 1961 முதல் அங்கே பீரங்கியால் மலையில் சேர்ந்த பனியைச் சுட்டு, ரோட்டால் போகிறவர்கள்மேல் விழுவதற்கு முன்பே சரித்துவிடுகிறதாம். 105 மில்லிமீற்றர் பீரங்கி. சனத்தைக் காப்பாற்ற ஷெல் அடிக்கிற ஒரு இடமும் உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். ரோட்டைத் திறந்த பிறகும் உடனே கியர் போட முடியவில்லை, கால் நடுங்கியது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்காமல் பொறுத்திருந்தார்கள்.

கடைசியாக ஓடியது வொல்வோ. கியர் தானாகவே மாறும், இடது காலுக்கு வேலையே இல்லை. ஓடிய நேரத்தை ஒரு பெட்டி எழுதிக்கொள்ளும், 2021இல் இங்கே அது சட்டமானது. பழைய ஆட்கள் பலர் அந்தப் பெட்டியைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். ஆரம்பத்தில் நான் வேலை செய்த ஒரு இடத்தில், கொப்பியில் நேரத்தை மாற்றி எழுதச் சொல்லி 20 மணித்தியாலம் ஓடவைத்தார்கள். விடியப்புறம் கண் சொருகி, ரோட்டோரச் சரளை ரயரில் பட்ட சத்தத்தில்தான் விழித்தேன். அடுத்த கிழமை அந்த வேலையை விட்டேன்.

2022இல் திறப்பைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அண்ணா, பின்வளவில் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பெட்போர்ட்டை இரும்புக்கு விற்றபோது கியர்த்தடியின் கறுப்புக் குமிழைக் கழற்றி வைத்ததாக அண்ணி ஒருமுறை சொன்ன ஞாபகம். இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். சித்திரையில் மூத்தவன் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புத் தம்பி