சாவி யாரிடம் இருந்தது?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அப்படிச் செய்ய முடியாது.

பதவி உயர்வு விருந்துப் படங்களை மருமகள் அனுப்பியிருந்தாள். அம்மா அதை எல்லாருக்கும் காட்டிவிட்டாள். எனக்கும் பெரிய சந்தோஷம்தான். இந்த வயதில் இந்தப் பொறுப்புக்கு வந்தவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. சித்தப்பாவே போன் பண்ணி, "உன் பிள்ளை கெட்டிக்காரன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் படங்களில் ஒன்றில், மேசைமேல் உன் கார் சாவி கிடக்கிறது. அம்மா கொடுத்த பித்தளை யானை மாட்டிய சாவி. அதை ஒட்டினாற்போலப் பாதி காலியான கண்ணாடி டம்ளர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா கவனிக்கவில்லை, அவள் உன் சட்டையைத்தான் பார்த்தாள். அன்று ராத்திரி வண்டியை யார் ஓட்டினார்கள் என்று மருமகளிடம் கேட்டேன். "பத்திரமா வீட்டுக்கு வந்துட்டோம் மாமா" என்றாள். நான் கேட்டது அது இல்லை.

நீ குடிக்கிறாயா இல்லையா என்று கேட்கவில்லை. சின்ன மாமா விஷயத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். குடித்தால் வண்டியைத் தொடாதே. அவ்வளவுதான்.

"ரெண்டே ரெண்டுதான்பா, ஸ்டெடியா இருந்தேன்" என்பாய். போலீஸ் வேலையில் நான் ரோட்டில் நிறுத்தி ஊதச் சொன்னபோது முக்கால்வாசிப் பேர் என்னிடம் சொன்னதும் இதையேதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார்கள். தள்ளாட்டம் வருவதற்கு வெகு முன்னாலேயே நம்மை நாமே எடைபோடும் புத்தி மழுங்கிவிடுகிறது. எதிரே வருகிற வண்டியின் தூரமும் வேகமும் தப்பாகத் தெரியும். பேனாவை முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி, தலையைத் திருப்பாமல் பார்க்கச் சொல்லுவோம். தெளிவாக இருக்கிறவன் கண் வழுக்கிக்கொண்டு போகும். குடித்தவன் கருவிழி ஓரத்தை நெருங்கும்போது வெட்டி வெட்டித் துடிக்கும். வாய் "ஸ்டெடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கண் துடித்துக்கொண்டே இருக்கும். நினைத்தாலும் அவனால் நிறுத்த முடியாது.

காபி குடித்தேன், முகம் கழுவினேன், கொஞ்சம் தூங்கி எழுந்தேன் என்பதும் எடுபடாது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சராசரியாக மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் மதுவில் 15 மில்லிகிராம் இறங்கும். கணக்கு உனக்கு நன்றாக வருமே, போட்டுப் பார். நள்ளிரவில் 150 மில்லிகிராமோடு படுத்தவன் காலை 6 மணிக்குக் குளித்துவிட்டு வண்டி எடுத்தாலும் இன்னும் 60 இருக்கும். இங்கிலாந்தில் சட்ட வரம்பு 80, ஐரோப்பாவில் பல நாடுகளில் 50, இந்தியாவில் 30. இதைத் தாண்டினால் வழக்கு என்றுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சளிக்குப் போடும், தூக்கம் வரவைக்கிற மாத்திரைகளோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

போன தடவை வந்தபோது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். எந்தத் தெருவில் போலீஸ் நிற்கிறது என்று உங்கள் நண்பர்கள் குரூப்பில் போட்டுவிடுவார்களாம், நீங்கள் சந்து வழியாகப் போய்விடுவீர்களாம். நானும் சிரித்துவைத்தேன், மருமகள் பக்கத்தில் இருந்தாள் என்று. தம்பி, சோதனை நடப்பது ஊருக்கே தெரிய வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடே. 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அதை விளம்பரமும் செய்தார்கள். சாவுகள் குறைந்தன. பிடிபட்டவர்களால் மட்டும் குறையவில்லை. இன்றைக்கு மாட்டிக்கொள்வோம் என்று நினைத்து வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்களே, அவர்களால்தான் குறைந்தது. எனக்குத் தெரிந்தவரை அபராதத்தைக் கூட்டுவதைவிட இந்தப் பயம்தான் வேலை செய்யும். வருஷத்துக்கு ஒரு நாள் பேரணி போய்ப் பலகை வைப்பதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை, மேலதிகாரிக்குப் போட்டோ கிடைக்கும், அவ்வளவுதான். போலீஸ் நிற்பது தெரிந்தால் வண்டியை எடுக்காமல் இருக்க வேண்டும். நீங்கள் சந்து வழியைத் தேடியிருக்கிறீர்கள்.

ஊதச் சொல்லிக் குடியைக் கண்டுபிடிக்கும் இந்த மூச்சுக் கருவியை 1954இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த போர்க்கன்ஸ்டைனும் எங்கள் துறைக்காரர்தான். சின்ன வயதில் என் தொப்பியை மாட்டிக்கொண்டு, பேனா மூடியை நீட்டி, "ஊதுங்க சார்" என்று தங்கையை வாசலில் மறிப்பாயே. அவள் ஊதாமல் விடமாட்டாய். அவ்வளவு கண்டிப்பு.

சத்தம் போட்டுச் சண்டைக்கு வந்தவர்கள் யாரும் என் ஞாபகத்தில் இல்லை. ஒருவர் மட்டும் இருக்கிறார். நல்ல மனுஷன், மரியாதையாகப் பேசினார். ஊதினார், வரம்பைத் தாண்டியிருந்தது. பின்சீட்டில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் மனைவி கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தம்மா ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வாடகை வண்டிக்குக் கை காட்டினார். கிளம்பும்போதே சொல்லிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மருமகள் உன்னிடம் சொல்லிப் பார்த்தாளா?

கூட்டமாகப் போனால் ஒருவர் குடிக்காமல் இருந்து மற்றவர்களைக் கொண்டுபோய் விடுங்கள். 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த வழக்கத்தைப் பரப்ப, தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்களைப் பிடித்து, கதாபாத்திரங்களையே அப்படிப் பேச வைத்தார்கள். உபதேசத்தைவிட அது எடுபட்டது. இதுவும் உபதேசம்தான், தெரிகிறது. ஆனால் அந்த ஒருவர் யார் என்று கிளம்பும்போதே முடிவாக வேண்டும். கிளாஸைக் கீழே வைத்த பிறகு, யார் தெளிவு என்று ஆளாளுக்குப் போட்டி போடக் கூடாது. அப்படி ஆள் இல்லாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வா. மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம், வண்டி எங்கேயும் ஓடிப்போகாது. மழை பெய்தாலும் விட்டுவிட்டு வா. மேலதிகாரி "நான் இருக்கேன், எடு" என்று சொன்னாலும் விட்டுவிட்டு வா.

வரும் சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்து என்று அம்மா சொன்னாள். வண்டி எடுத்துப் போகிறாயா இல்லையா, அதற்கு மட்டும் பதில் எழுது. "சரிப்பா" என்று எழுதாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ பதறுவாய் என்று போனில் சொல்ல விடவில்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.