அதே ஊசி மறுபடி எதற்கு? குடியாத்தத்தில் இருக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

"போன மாசம் போட்ட அதே பென்டா ஊசிதானே சித்தி, ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு ஜுரம் அடிச்சுதே, மறுபடி எதுக்கு?" என்று கேட்டாய். (பென்டா என்பது கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி.) போனில் ஏதோ சொல்லிவைத்தேன். அது போதாது. உன்னைப் போல் கேட்கிற தாய்மார்கள் நிறையப் பேர் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நோய் எதிர்ப்பு என்றாலே பள்ளிப் புத்தகங்கள் படை, போர் என்று ஆரம்பித்துவிடும். எனக்கு ஆம்பூர் ஷூ பட்டறைதான் பொருத்தமாகப் படுகிறது. யார் காலையும் பார்க்காமலே கோடிக்கணக்கான அளவுகளில் ஆளுக்கொரு ஜோடி தைத்து வைத்திருக்கும் பட்டறை. நம் உடம்பின் பி செல், டி செல் என்ற வெள்ளையணுக்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் உருவாகும்போதே சில மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, தன்மேல் கிருமியைப் பிடிக்க ஒரு தனி வடிவப் பிடியை, அதாவது ஏற்பியை, அமைத்துக்கொள்கிறது. (பி செல் வழியாக உருவாகி கிருமியைப் பிடிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி; அதன் விஷயத்தில் இதைக் கண்டுபிடித்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு.) எந்தக் கிருமி வரும் என்று அதற்குத் தெரியாது. வந்தது எதற்குப் பொருந்துகிறதோ, அந்தச் செல் மட்டும் பெருகும்.

தொடையில் போட்ட மருந்தில் இருக்கும் கிருமிக் கூறுகளை அங்கே திரியும் செல்கள் விழுங்கி, நாம் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்த நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. பொருந்திய பி செல்லுக்கு டி செல்லின் துணை கிடைத்தால்தான் வேலை சூடுபிடிக்கும். முதலில் வரும் ஆன்டிபாடிகளுக்குப் பிடிமானம் குறைவு. ஆனால் முடிச்சுக்குள் பி செல்கள் பெருகப் பெருக, ஏற்பியில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கும்; இறுக்கிப் பிடிப்பவை பிழைக்கும், மற்றவை செத்துப்போகும். ஷூ காலுக்கு மெல்ல மெல்ல அமைகிறது. இதற்கு வாரக்கணக்கு ஆகும். கடைசியில் ஒரு பகுதி நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். பிள்ளையின் பத்தாவது வாரத்தில் போடும் இந்த இரண்டாவது ஊசி எழுப்புவது இவற்றைத்தான். இந்த முறை ஆன்டிபாடி சில நாளிலேயே வரும், அதிகமாகவும் வரும், பிடியும் கெட்டி.

ஆனால் எல்லா மறு தவணைக்கும் இதுவே காரணம் என்று நினைத்துவிடாதே. போலியோ சொட்டு மருந்தின் கதை வேறு. அதிலிருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். குடலில் அது பெருகினால்தான் உடம்புக்கே தெரியவரும். வெளிநாட்டில் போதுமாயிருந்த மூன்று தவணை நம் பிள்ளைகளில் பலருக்கு எடுபடவில்லை என்பதை 1970களின் தொடக்கத்திலேயே காட்டியவர் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். போன தவணை எடுபடாத பிள்ளைக்கு அடுத்ததுதான் முதல் தவணை! எந்தப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே, அதனால் எல்லாருக்கும் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் 'காட்டு' போலியோ வைரஸால் ஒரு பிள்ளையும் முடங்கவில்லை. தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணையும் பெரும்பாலும் இந்த ரகம்தான்: ஒன்பது மாதத்தில் தாயின் ஆன்டிபாடி மிச்சமிருந்தால் முதல் ஊசி வீணாகலாம்.

திருவிழாவுக்குப் போய் ஒரு வாரம் தள்ளிப்போனால் முதலிலிருந்து போடணுமா என்றும் கேட்டாய். வேண்டாம். நினைவுச் செல்கள் காத்திருக்கும். போன ஊசிக்கு நான்கு வாரம் ஆவதற்குள் போட்டால்தான் சிக்கல், அவை பக்குவப்பட்டிருக்காது. ஆனால் கக்குவான் இருமல் காத்திருக்காது. பச்சைப் பிள்ளையைத்தான் அது மோசமாக வாட்டும். அதனால் அடுத்த புதன்கிழமையே போய்விடு. அட்டையை மறக்காதே. ஜுர மருந்து எவ்வளவு சொட்டு என்று நர்ஸம்மாவிடம் எழுதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
சித்தி, வேலூர்