மதுரைக்கு மெட்ரோ வரும்வரை

அன்புள்ள மாப்ளைக்கு,

போன வாரம் உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை என்று எழுதியிருந்தாய், கவலையாக இருக்கிறது. தங்கச்சிக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கிண்டிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் பாதி தூரம், மெட்ரோவில் பாதி தூரம் என்று போய் வருகிறாள்.

மதுரை மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டதே என்று நீ கொதித்து எழுதியிருந்த பக்கத்துக்குத்தான் இந்தப் பதில். உன் கோபம் நியாயமானது. 2025 நவம்பரில் மதுரை, கோவை இரண்டு ஊர் அறிக்கைகளும் டெல்லியிலிருந்து திரும்பி வந்தன. 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தில் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டுமாம். அதற்கு எடுத்துக்கொண்டது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அந்தக் கணக்குக்குப் பிறகு மதுரை எவ்வளவு பெருத்துவிட்டது என்பது ஒத்தக்கடையில் நின்று பார்த்தாலே தெரியும். ஆக்ராவும் போபாலும்கூட 2011 கணக்கில் 20 லட்சத்தைத் தொடவில்லை. அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே கேட்பதை விடக் கூடாது.

ஆனால் மாப்ள, மெட்ரோ வந்தால்தான் மதுரை உருப்படும் என்று நீ முடித்திருந்தாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருடம் சென்னையில் இருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ரயில் எவ்வளவு பெரியது என்பதை வைத்து ஒரு ஊரின் போக்குவரத்து அமைவதில்லை. வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு நடக்க முடிகிறதா, இறங்கிய இடத்திலேயே அடுத்த வண்டி கிடைக்கிறதா, அதுதான் கணக்கு.

இங்கே சென்னையின் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995ல் ஓட ஆரம்பித்தது. வேளச்சேரிக்கு வந்து சேர 2007 ஆகிவிட்டது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்தே கிலோமீட்டர். அதை இணைத்தால் புறநகர் ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கைக்கெட்டும். நில எடுப்புத் தகராறில் அந்தத் துண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பாதி ஸ்டேஷன்களில் இறங்கினால் பஸ் ஸ்டாப்பைத் தேடிக்கொண்டு போக வேண்டும். ரயில்வே தன் வேலையைப் பார்த்தது, பஸ் கழகம் தன் வேலையைப் பார்த்தது, நடுவில் நிற்கும் பயணி யாருடைய பொறுப்பும் இல்லை.

கிளாம்பாக்கம் புதுப் பஸ் முனையத்திலும் அதே கதைதான். நீ மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தால் இப்போது அங்கேதான் இறங்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். நல்ல முனையம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் செங்கல்பட்டு ரயில்பாதை கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன் கிடையாது. விடியற்காலையில் பெட்டியும் பிள்ளையுமாக இறங்கிய குடும்பங்கள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். முதலில் ஸ்டேஷன், அப்புறம் முனையம் என்று வரிசையை மாற்றியிருந்தால் போதும்.

இதையெல்லாம் ஒரு கூரையின் கீழ் கொண்டுவரத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றை அமைத்தார்கள், கும்டா என்பார்கள். சட்டம் 2010ல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2019ல். முதல் கூட்டம் 2022ல். பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பெரியவள் அதில்தான் டிக்கெட் எடுக்கிறாள், வசதியாகத்தான் இருக்கிறது. சட்டத்திலிருந்து ஒரு டிக்கெட் வரைக்கும் பதினைந்து வருடம். மதுரை அந்தப் பதினைந்து வருடத்தையும் மறுபடி செலவழிக்க வேண்டியதில்லை, அந்த ஆத்திரத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பணத்தையும் பார்த்துவிடு. திருமங்கலம்–ஒத்தக்கடை 32 கிலோமீட்டருக்கு 11,000 கோடிக்கு மேல் மதிப்பிட்டிருந்தார்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 350 கோடி. ஒரு மின்சாரப் பேருந்து இரண்டு கோடிக்குள் வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு ஆகும் பணத்தில் நூற்றைம்பது பஸ்ஸுக்கு மேல் வாங்கலாம். டிரைவர், கண்டக்டர் சம்பளம், டிப்போ, சார்ஜிங் எல்லாம் தனிச் செலவு, டிக்கெட் காசில் அது முழுதாக வராது என்பதும் உண்மை. வரட்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. மேம்பாலம் கட்டும்போது அது சம்பாதித்துத் தருமா என்று யாரும் கேட்பதில்லையே. நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் உயர்மட்டச் சாலை போட்டார்கள். காரில் போகிறவன் தல்லாகுளத்திலிருந்து பறக்கிறான். கீழே டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அதனால் ஒரு வண்டிகூட முன்னதாக வரவில்லை.

2025–26 பட்ஜெட்டில் அறிவித்த 1,125 மின்சாரப் பேருந்துகளில் மதுரைக்கு 100 என்றார்கள். நூறு போதாது. ஆனாலும் அந்த நூறையும் எங்கே, எத்தனை நிமிடத்துக்கு ஒன்றாக விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். ஊர் முழுக்கத் தூவிவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும். பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று ஒரு தடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டுப் பார்க்கட்டும். நேரம் பார்க்காமல் கிளம்பலாம் என்ற நம்பிக்கை வந்தால் ஜனங்கள் தானாக ஏறுவார்கள். 2021ல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்த பிறகு, அவர்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களுக்கு அது சின்னத் தொகையா? அவர்கள் காத்து நிற்கும் நேரத்தையும் குறைப்பதுதான் அடுத்த கடமை.

நம் ஊருக்குக் கிடைத்த ஒரு பேறு, அது நடப்பதற்காகவே போட்ட ஊர். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக. தேர் திரும்பப் போட்ட தெருக்கள். சித்திரை வீதியில் வண்டி விடுவதில்லை. அங்கே சாயங்காலம் பிள்ளைகள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த வீதியைத் தாண்டி வெளியே வந்தால்தான் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஜங்ஷனில் இறங்கிப் பெரியார் பஸ் நிலையத்துக்கு நடந்து போய்விடலாம், அவ்வளவு பக்கம். பெட்டியோடு மேல வெளி வீதியைத் தாண்டிப் போவதற்குள்தான் போதும் போதும் என்றாகிறது. அந்தச் சில நூறு மீட்டரைச் சரியான நடைபாதையாக்கி, நிழல் கொடுத்து, குறுக்கே கடக்க ஒரு சிக்னல் வைத்தால் மெட்ரோவுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத முதல் இணைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை போட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் அதற்கே என்றுகூட எழுதினார்கள். 2019ல் பாண்டி பஜார் அழகாக மாறியது, நீ வந்தபோது நடந்தோமே. ஆனால் எங்கள் தெரு முனையில் நடைபாதை மேல் ஒரு டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி இரண்டு பைக், அப்புறம் இளநீர் வண்டி. தினமும் பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஒரு பாட்டி அந்த இடம் வந்ததும் பையனை இடதுகைப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறார். பின்னால் வரும் வண்டி முதலில் தன் மேல் இடிக்கட்டும் என்றுதானே அது. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பஸ் படி ஏற முடியாததால் கோயிலுக்குக்கூடப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். 2024 ஆகஸ்டிலிருந்து இங்கே தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. வழக்கமான வண்டியில் தரை 90 சென்டிமீட்டர் உயரம், இதில் 40தான். ஸ்டாப்பில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிப் பெற்றது இது. ஆனால் வண்டி நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அதெல்லாம் பயன்படும். ஸ்டாப்பில் நாலு ஷேர் ஆட்டோ நின்றால் டிரைவர் நடுரோட்டில்தான் நிறுத்துவார், அம்மா மாதிரியானவர்கள் ரோட்டில் இறங்கித்தான் ஏற வேண்டும். மதுரைக்கு வரும் நூறு பஸ்ஸும் தாழ்தளமாக இருக்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள், கூடவே ஸ்டாப்பையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

உங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம், அதாவது பகுதி மக்கள் குறைகளைச் சொல்லும் கூட்டம், எப்போது என்று கவுன்சிலரிடம் விசாரி. வெறுங்கையோடு போக வேண்டாம். உன் ஸ்டாப்பில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எந்தெந்த நம்பர் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நாலைந்து நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொள். தங்கச்சியும் அந்த நேரத்தில்தானே கிளம்புகிறாள், அவளும் உதவுவாள். நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் மனுவாக எழுதித் தருகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது குடும்பத்தோடு வருகிறோம், அதற்குள் கூட்டம் முடிந்திருந்தால் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்