பன்னாட்டு வணிக ஆய்வும் பண்ருட்டி முந்திரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுவை, கடலூர் வட்டாரத்தில் பன்னாட்டு வணிகம் பற்றி எழுதப்படும் எம்.பி.ஏ., எம்.காம்., முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் மிகவும் நலிந்து கிடப்பது இரண்டாம் அத்தியாயம்தான். 'முந்தைய ஆய்வுகள்' என்று தலைப்பிட்டு, இவர் இந்த ஆண்டில் இதைச் சொன்னார், அவர் அதைச் சொன்னார் என்று பத்தி பத்தியாக அடுக்குகிறார்கள். எந்த முடிவோடு எந்த முடிவு மோதுகிறது, எதை இன்னும் யாரும் கேட்கவில்லை என்பதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் 'எதிர்கால ஆய்வு' என்ற இடத்தில், "இதையே வேறு மாவட்டத்திலும் செய்யலாம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதற்கு மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முந்தைய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் மீளாய்வைச் செய்வது எப்படி என்று பெரும்பாலான இடங்களில் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. முன்பின் தெரியாத நாட்டுக்குப் போகும் நிறுவனம் உள்ளூர்க்காரரோடு எப்படிப் போட்டிபோட்டு நிற்கிறது என்று ஸ்டீபன் ஹைமர் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் கேட்டது 1960-இல். அது நூலாக வந்த 1976-இலேயே, சந்தையில் வாங்குவதைவிட நிறுவனத்துக்குள் வைத்துக்கொள்வது எப்போது லாபம் என்று பக்லி, கேசன் இருவரும் விளக்கினார்கள். அடுத்த ஆண்டு யோஹான்சன், வால்னே இருவரின் உப்சாலா மாதிரி வந்தது: முதலில் பழக்கமான பக்கத்து நாடு, முகவர் மூலம் ஏற்றுமதி, பிறகு விற்பனைக் கிளை, அதன் பிறகே ஆலை. 2009-இல் அவர்களே அதைத் திருத்தினார்கள். நாட்டின் தூரத்தைவிட, அந்த ஊர்த் தொழில் வட்டத்துக்குள் நமக்கு ஆள் இல்லாததே பெரிய தடை என்றார்கள். மாணவர்கள் மேற்கோள் காட்டுவது இன்னமும் 1977-ஐத்தான். நாடுகளின் பண்பாட்டை அளக்க ஹாஃப்ஸ்டீட் தந்த எண்களும் அப்படியே. ஐ.பி.எம். ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய விடைகளிலிருந்து பிறந்தவை அவை. அவற்றைக் கொண்டு 1988-இல் கோகுட், சிங் உருவாக்கிய, இரு நாட்டுப் பண்பாடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கணக்கிடும் 'பண்பாட்டுத் தொலைவு' சூத்திரத்தை ஷெங்கர் 2001-இல் விரிவாகக் கண்டித்தார். அங்கிருந்து இங்கே வருவதும் இங்கிருந்து அங்கே போவதும் ஒரே தொலைவு என்று அது எடுத்துக்கொள்கிறது என்பது அவர் காட்டிய குறைகளில் ஒன்று. கண்டனத்தைப் படிக்காமல் சூத்திரத்தை மட்டும் எடுத்தாள்வது சரியல்ல.

மீளாய்வு எங்கே சறுக்குகிறது? முதலில் தேடலில். கூகுள் ஸ்காலரில் தட்டி மேலே வரும் பத்துக் கட்டுரைகளை எடுப்பதைத் தேடல் என்று சொல்ல முடியாது. நாளைக்கு வேறொருவர் தேடினால் வேறு பத்து வரும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரு ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேட வேண்டும். நம் நாட்டு ஆய்வேடுகளுக்கு, அவற்றைத் தொகுத்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தையும் பார்க்க வேண்டும். தேடல் தொடர், தேதி, கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றே குறித்துவைக்க வேண்டும். 'இன்டர்நேஷனலைசேஷன்' என்பதை அமெரிக்கர் 'இசட்' போட்டும் பிரிட்டிஷார் பலர் 'எஸ்' போட்டும் எழுதுகிறார்கள். அந்த எழுத்தின் இடத்தில், எந்த எழுத்துக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி போடாவிட்டால் ஒரு சாரார் கட்டுரைகள் கைநழுவிப் போகும். 'கடைசிப் பத்தாண்டு மட்டும்' என்று வடிகட்டினால் மேலே சொன்ன மூலக் கட்டுரைகள் எல்லாமே விழுந்துவிடும். அவற்றைக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் வழியே பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

இரட்டைப் பதிவுகளை நீக்கியதும் தலைப்பையும் சுருக்கத்தையும் இருவர் தனித்தனியே படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவரே செய்தால் தன் கருத்துக்குத் தோதானதே தங்கும். இருவருக்கும் ஒத்துவராதவற்றை மூன்றாமவர் தீர்க்கட்டும். எத்தனை வந்தது, எத்தனை கழிந்தது, ஏன் கழிந்தது என்பதைப் பிரிஸ்மா 2020 என்ற மீளாய்வு நெறிமுறையின் படத்தில் காட்டலாம். பிறகு ஓர் அட்டவணை: கட்டுரைக்கு ஒரு வரிசை, நாடு, கோட்பாடு, தரவின் ஆண்டு, ஆய்வு அலகு நபரா நிறுவனமா நாடா, முறை, முடிவு. ஆய்வு இடைவெளி இந்த அட்டவணையின் காலிக் கட்டங்களில்தான் தெரியும். இப்போது பலர் விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளில் வண்ண வண்ண வலைப்படம் போட்டு மீளாய்வு முடிந்தது என்கிறார்கள். எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பதை அந்தப் படம் காட்டும். யார் சொன்னது சரி என்பதற்குக் கட்டுரையைப் படித்தே ஆக வேண்டும்.

எதிர்கால ஆய்வுக்கு வருவோம். பன்னாட்டு வணிக ஆய்வின் பெரிய கேள்விகள் தீர்ந்துபோயினவா என்று பக்லி 2002-இலேயே கேட்டார். நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகமே வர வேண்டியதில்லை. பண்ருட்டி இருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. புதுக் கன்று காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். ஆலை அதுவரை நிற்க முடியாது. ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவ், தான்சானியா என்று ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

அந்தக் கொட்டையை எப்படி வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பல மூட்டைகளில் மாதிரி எடுத்துக் கலந்து, ஒரு கிலோ நிறுத்து, ஒவ்வொரு கொட்டையையும் வெட்டிப் பார்ப்பார்கள். நல்ல பருப்பு ஒரு பக்கம், புள்ளி விழுந்தது ஒரு பக்கம், பிஞ்சும் பூச்சி அரித்ததும் பூஞ்சை பிடித்ததும் இன்னொரு பக்கம். நல்லதன் எடையோடு புள்ளிப் பருப்பில் பாதி எடையைச் சேர்க்க வேண்டும். கிலோவுக்கு 272 கிராம் வந்தால் 80 கிலோ மூட்டைக்கு 21.76 கிலோ, அதாவது 48 பவுண்டு. இந்த 'அவுட்டர்ன்' எண்ணை வைத்துத்தான் விலையே பேசுகிறார்கள். ஆனால் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, சரக்கு வாரக்கணக்கில் கன்டெய்னரில் புழுங்கினால், அங்கே 48 காட்டியது இங்கே 45-ஆக இறங்கிவிடக்கூடும். 16 டன் சரக்கில் அது சுமார் 270 கிலோ பருப்பு. அந்த நஷ்டம் யார் தலையில்? எந்தத் துறைமுகத்துச் சோதனை செல்லும்? சோதிப்பவருக்குக் கூலி கொடுப்பது யார்? ஐவரி கோஸ்டின் துறைமுக நகரான அபிஜானில் சொந்த ஆளை வைக்காமல், சிறு ஆலை இறக்குமதியாளரிடமே வாங்குவது ஏன்? இது அப்படியே பக்லியும் கேசனும் எழுப்பிய கேள்வி. பக்கத்து நாட்டில் தொடங்காமல் எடுத்த எடுப்பிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து, அதுவும் இறக்குமதியில் தொடங்கும் ஆலைக்கு உப்சாலா மாதிரி எவ்வளவு பொருந்தும் என்பதும் நல்ல ஆய்வுக் கேள்வி.

அரசியல் இடரும் இதில் உண்டு. 2018 நவம்பரில் தான்சானிய அதிபர் மகுஃபுலி முந்திரி அறுவடையை அரசே வாங்கும் என்று அறிவித்து ராணுவத்தை இறக்கினார். உள்ளூர் ஆலைகளை வளர்க்க ஐவரி கோஸ்ட் அரசு பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கு வரி போடுகிறது. எண்ணெய், சுரங்கப் பெருநிறுவனங்களை வைத்து எழுதிய இடர்க் கோட்பாடு, நாலு கன்டெய்னர் வாங்கும் ஆலைக்காரருக்குப் பொருந்துமா? தோல் உரித்துத் தரம் பிரிக்கும் பெண்களின் கூலியில் இதெல்லாம் எப்படி எதிரொலிக்கிறது? இதற்கான கட்டுரைகள் பல, புவியியல், வளர்ச்சிப் பொருளாதார இதழ்களில் 'மதிப்புச் சங்கிலி' என்ற பெயரில் இருக்கின்றன. மேலாண்மை இதழ்களில் மட்டும் தேடுபவருக்கு அவை கிடைக்காது.

புதுவையில் 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பையும் சொல்ல வேண்டும். இரு மொழி, இரு சட்டம், இரு சந்தைகளுக்கு நடுவே நின்ற ஒரு துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமானவர்) கப்பல் வரவையும் சரக்கையும் கடனையும் தமிழிலேயே எழுதிவைத்த ஆவணம் அது. வரலாற்றுத் துறையினர் படிக்கிறார்கள்; வணிகவியல் துறையினரும் படிக்க வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. முறையாகச் செய்த மீளாய்வு மட்டுமே இருந்தாலும் அதை முதுகலை ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளுங்கள். நூறு பேரிடம் அவசரமாக வாங்கும் வினாத்தாளைவிட அது பயன் தரும். தேடல் பதிவையும் அட்டவணையையும் பின்னிணைப்பாகக் கட்டாயமாக்குங்கள். வாய்மொழித் தேர்வில் அதைத் திறந்துவைத்தே கேள்வி கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பன்னாட்டு ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. அதை முதலாண்டு மாணவர்களுக்கே திறந்து காட்டுங்கள். இந்த வட்டாரத்து மாணவர்களில் பலர் தனியார் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்களையும் இத்திட்டத்தில் சேர்க்க மத்திய அரசை வலியுறுத்தத் தங்கள் நாளிதழ் துணை நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
கடலூர்.