புத்தகம் வேண்டாம், காசு குடுங்க: நம்ம வாசகசாலை கேட்டலாக் (புத்தகப் பட்டியல்) வேலைக்கு ஒரு வேண்டுகோள்

வணக்கம் மக்களே. தலைப்ப பாத்து கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் புத்தகம் கேட்டோம், அள்ளிக் குடுத்தீங்க, இப்ப நம்ம வாசகசாலைல 3,200 புத்தகம் இருக்கு (அதுல ஒரு நூறு பழைய பத்தாங்கிளாஸ் கைடு, யாரு குடுத்ததுன்னு கேக்க மாட்டோம்). பிரச்சனை என்னன்னா தேடுனா எதுவும் கெடைக்கல. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு காலேஜ் பொண்ணு காவிரி வெள்ளத்த பத்தி புத்தகம் கேட்டு வந்துச்சு, மத்தியானம் பூரா தேடிட்டு இல்லம்மான்னு அனுப்பிட்டோம், அடுத்த வாரம் பாத்தா சமையல் குறிப்புக்கு பின்னாடி கெடக்கு.

இது வேற எந்த ஊருல நடந்தாலும் பரவால்ல. சீர்காழில நடக்குது பாருங்க. இந்திய நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892ல பொறந்த ஊரு.

அவரு கணக்கு வாத்தியார். சென்னை பிரசிடென்சி காலேஜ்ல பாடம் எடுத்துட்டு இருந்தவரு 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு முதல் லைப்ரேரியனா போனாரு, போன கொஞ்ச நாள்லயே போரடிச்சு பழைய வேலைக்கே வந்துடறேன்னு நின்னாராம். லண்டன் போய் படிச்சுட்டு வாங்க, அப்பவும் புடிக்கலன்னா பாத்துக்கலாம்னு அனுப்பி வச்சாங்க. அங்க செல்ஃப்ரிட்ஜஸ் கடைல மெக்கானோ பொம்மை பாத்திருக்காரு, அதே துண்டுங்கள மாத்தி மாத்தி பூட்டுனா கிரேன் ஆகுது, வண்டி ஆகுது. சட்டுனு பொறி தட்டிருச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் முன்னாடியே செஞ்சு வச்ச ஏதாவது ஒரு பொட்டிக்குள்ள திணிப்பாங்க. இவரு விஷயத்தயே துண்டு துண்டா பிரிச்சாரு. 1950ல இந்தியால எக்ஸ்ரே வச்சு நுரையீரல் காசநோய குணமாக்குற ஆராய்ச்சின்னு ஒரு புத்தகம் இருந்தா நுரையீரல் தனி, காசநோய் தனி, சிகிச்சை தனி, ஊரு தனி, வருஷம் தனி, எல்லாத்துக்கும் ஒரு குறி குடுத்து நடுவுல கோலன் (:) மாதிரி புள்ளிய வச்சு கோர்த்துருவாரு. திரும்பி வர்ற கப்பல்ல இருந்த லைப்ரரியவே இப்படி மாத்தி அடுக்கிப் பாத்தாருன்னு சொல்றாங்க. இந்த முறைதான் 1933ல கோலன் கிளாசிஃபிகேஷன்ங்கற பேர்ல புத்தகமா வந்துச்சு. இன்னிக்கு ஆன்லைன்ல புடவை வாங்கும்போது கலர், விலை, துணின்னு தனித்தனியா டிக் அடிச்சு சலிச்சு எடுக்கறோமே, அதுக்கு அடியில இருக்கறது இதே யோசனைதான், கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே யோசிச்சுட்டாரு மனுஷன்.

1931ல நூலகத்துக்குன்னு ஐந்து விதி எழுதுனாரு, நாலாவது: வாசகர் நேரத்த மிச்சப்படுத்து. அந்த காலேஜ் பொண்ண நெனச்சா எங்களுக்கு தூக்கம் வரல.

நாங்க கோலன் நம்பர் போடப் போறதில்ல, அத கத்துக்கவே ஒரு ஜென்மம் வேணும். கோஹான்னு ஒரு லைப்ரரி சாஃப்ட்வேர், இலவசம். அதுல ஒவ்வொரு புத்தகத்துக்கும் விஷயம், ஊரு, காலம்னு தனித்தனியா சொல்லு ஏத்தப் போறோம். லைப்ரரி சயின்ஸ் படிச்ச நம்மூரு பிள்ளைங்க ரெண்டு பேருக்கு மாசம் 8,000 வீதம் ஆறு மாசத்துக்கு 96,000 ரூபா, பழைய கம்ப்யூட்டர் 18,000, லேபிள் பிரிண்டரும் ரோலும் 9,500, இரும்பு ரேக் 21,500. ஆக 1,45,000. சம்பளத்துல கை வைக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், சும்மா வேலை வாங்குனா பாதில ஓடிருவாங்க, நியாயமும் இல்ல. கமிட்டி ஆளுங்க போட்டது 41,000 கைல இருக்கு. மீதி 1,04,000 உங்ககிட்ட கேக்கறோம்.

நூறு ரூபாவும் காசுதான், கூச்சப்படாதீங்க. ரங்கநாதன் தன் சேமிப்புலேர்ந்து ஒரு லட்சத்த சம்சாரம் சாரதா பேர்ல பேராசிரியர் பதவிக்குன்னு யுனிவர்சிட்டிக்கே குடுத்தவரு, நாங்க அவ்ளோல்லாம் கேக்கல. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறோம், நாங்க ட்ரஸ்ட் இல்ல, 80ஜி வரிச்சலுகை கெடைக்காது. ரசீது உண்டு, மாசாமாசம் வரவு செலவ வாசகசாலை போர்டுல ஒட்டுவோம், ஜிபே கோடும் கதவுலயே இருக்கு.

அவரு நினைவா நூலகர் தினம் கொண்டாடற ஆகஸ்ட் 12க்குள்ள முடிக்கணும்னு பாக்கறோம். புத்தகம் குடுத்தே தீருவேன்னு இருக்கறவங்க அதுக்கப்புறம் கொண்டு வாங்க. கைடு வேண்டாம்.